பந்தயப் படகில் மனிதனுக்குரிய இடம்

சிறிய பந்தய விசைப்படகு ஒன்றைத் திட்டமிடுவோர் முதலில் வரைவது படகின் உடலை. அடுத்து அமைப்பது இயந்திரத்தை. பின்பு எரிபொருள் கலத்துக்கும் மின்கலத்துக்கும் இடம் ஒதுக்குவர். இவையெல்லாம் முடிந்தபின் மிஞ்சிய இடத்தில் ஓர் ஆசனமும், அதன் முன்னே சுக்கான் சக்கரத்தைத் தாங்கும் ஒரு பலகையும் வைக்கப்படுகின்றன. இந்த வரிசை தலைகீழானது என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஓட்டுநர் எங்கே அமர்வார், அவர் கை எதை எட்டும், கண் எதைக் காணும், படகு கவிழ்ந்தால் அவர் எவ்வாறு வெளியேறுவார் என்னும் வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே பிற கோடுகள் வரையப்படல் வேண்டும்.

பந்தயப் படகுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் கேட்கலாம். நம் நாட்டிலும் இப்பந்தயங்கள் நடந்துள்ளன. 2017 மார்ச்சில் மும்பை மரைன் டிரைவ் கடற்பரப்பிலும், 2018 நவம்பரில் ஆந்திரத்தின் அமராவதியில் கிருஷ்ணை ஆற்றிலும் பன்னாட்டு விசைப்படகுப் போட்டிகள் நிகழ்ந்தன. ஆயினும் தொடர்பு அதனினும் நெருங்கியது. வெள்ளக் காலத்தில் மக்களை மீட்கச் செல்வோரும், நீர்த்தேக்கங்களில் நீர் மாதிரி எடுப்போரும், மீன்வளக் கணக்கெடுப்போரும் ஏறிச் செல்பவை பெரும்பாலும் நான்கு முதல் ஆறு மீட்டர் நீளமுள்ள படகுகளே. அவற்றை உந்துவதும் அவுட்போர்டு எனப்படும் வெளிப்பொருத்து இயந்திரமே. பணிப்படகில் ஓராண்டு கழித்துத் தலைகாட்டும் அமைப்புக் குறை, பந்தயப் படகில் ஒரு பிற்பகலில் வெளிப்பட்டுவிடும். ஆகவே பந்தயப் படகை, சிறு படகுகளுக்குரிய ஒரு சோதனைச் சாலையாகக் கொள்வதில் தவறில்லை.

எடையும் சமநிலையும்

படகின் முன்பக்கத்தை அணியம் என்றும் பின்பக்கத்தை அமரம் என்றும் கடற்கரை மக்கள் வழங்குவர். அச்சொற்களையே இங்கு ஆள்வோம். ஐந்து மீட்டர்ப் படகு ஒன்று, இயந்திரமும் எரிபொருளும் உட்பட, 300 கிலோகிராம் எடையுள்ளதெனக் கொள்க. ஓட்டுநர் 75 கிலோகிராம். அவருடைய ஆசனத்தை அணியத்தை நோக்கி 40 சென்டிமீட்டர் நகர்த்தினால், மொத்த எடையின் ஈர்ப்பு மையம் எவ்வளவு நகரும்? 75-ஐ 40-ஆல் பெருக்கி 375-ஆல் வகுத்தால் 8 சென்டிமீட்டர் என்னும் விடை கிடைக்கும்.

எட்டு சென்டிமீட்டர் அற்பமெனத் தோன்றலாம். வேகத்தில் விரையும் படகுக்கு அஃது அற்பமன்று. அத்தகைய படகு நீரில் மிதந்து செல்வதில்லை. நீரின் மேற்பரப்பை அழுத்தி, அவ்வழுத்தத்தின் எதிர்வினையால் தாங்கப்பட்டு, தன் அடிப்பகுதியின் சிறு பரப்பு மட்டுமே நீரைத் தொடுமாறு சறுக்கிச் செல்கிறது. ஈர்ப்பு மையம் முன்னே மிகுந்தால் நனையும் பரப்பு பெருகி வேகம் குறையும்; எதிர் அலையில் அணியம் குத்திப் புதையும். பின்னே மிகுந்தால் அணியம் எழுவதும் விழுவதுமாக ஓங்கில் மீனைப் போலப் படகு துள்ளத் தொடங்கும். மிகு வேகத்தில் அவ்வாறு எழுந்த அணியத்தின் அடியிற் காற்றுப் புகுந்து, படகையே பின்புறமாகப் புரட்டிவிடுதலும் உண்டு. எரிபொருள் கலம் ஈர்ப்பு மையத்தை ஒட்டியே இருத்தல் வேண்டும் என்னும் விதியும் இதிலிருந்தே பிறக்கிறது. எண்ணெய் தீரத் தீரச் சமநிலை மாறலாகாதன்றோ?

பக்கவாட்டுச் சமநிலைக்கும் ஒரு கணக்குண்டு. பின்னிருந்து நோக்க வலஞ்சுழியாகச் சுழலும் உந்துவிசிறி, தன் எதிர்வினையால் படகை இடப்புறம் சாய்க்க முயல்கிறது. 50 குதிரைத்திறன் இயந்திரம் நிமிடத்துக்கு 5,500 முறை சுழல, பற்சக்கரங்கள் அதனைப் பாதியாக்கி விசிறியை 2,750 முறை சுழற்றுவதாகக் கொண்டால், விசிறித் தண்டின் முறுக்குவிசை ஏறத்தாழ 13 கிலோகிராம்-மீட்டர் ஆகும். 75 கிலோகிராம் எடையுள்ள ஓட்டுநர் நடுக்கோட்டிலிருந்து 17 சென்டிமீட்டர் வலப்புறம் தள்ளி அமர்ந்தால் இம்முறுக்கு ஈடுசெய்யப்படும். சிறு படகுகள் பலவற்றில் சுக்கான் சக்கரம் வலப்புறம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வலப்புறமிருந்து குறுக்கே வரும் கலத்துக்கு வழிவிடல் வேண்டும் என்னும் பன்னாட்டுக் கடல் விதியின்படி அப்பக்கத்தைத் தெளிவாகக் காண வேண்டியிருப்பது மற்றொரு காரணம். சுற்றுப் பாதையில் இருபுறமும் திரும்ப வேண்டிய தனியாள் பந்தயப் படகிலோ ஆசனம் நடுக்கோட்டிலேயே அமைகிறது.

தென்னாப்பிரிக்காவில் தோன்றிய ‘தண்டர்கேட்’ எனப்படும் காற்றடைத்த இரட்டையுடற் படகில் கட்டுப்பாட்டு மேடையே இல்லை. அமரத்தில் ஒருவர் இயந்திரத்தின் கைப்பிடியைப் பற்றி ஓட்ட, அணியத்தில் மற்றவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் தம் உடலை நகர்த்திப் படகை நிலைநிறுத்துகிறார். மனித உடலே அங்கு நகரும் எடைக்கல். சிறு படகில் ஆள் அமரும் இடம் வசதியைப் பற்றிய செய்தி மட்டுமன்று, அது படகின் இயக்கத்தையே ஆள்வது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

முதுகெலும்பு தாங்கும் அடி

அலையின் முகட்டிலிருந்து தாவிய படகு ஒரு மீட்டர் உயரத்திலிருந்து நீரில் விழுவதாகக் கொள்வோம். அதில் அமர்ந்திருப்பவர் வினாடிக்கு ஏறத்தாழ 4.4 மீட்டர் வேகத்தில் கீழே வருகிறார். ஆசனத்தின் மெத்தை 5 சென்டிமீட்டர் அமுங்கி அவரை நிறுத்தினால், அவர்மேற் செயற்படும் சராசரி எதிர்முடுக்கம் புவியீர்ப்பைப் போல் 20 மடங்கு. அதே வீழ்ச்சியை 20 சென்டிமீட்டர் தொலைவில் தணித்தால் அது 5 மடங்காகக் குறையும். நிறுத்தும் தொலைவை நான்கு மடங்காக்கினால் அடியின் கடுமை நான்கில் ஒரு பங்காகிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவனும் போட்டுப் பார்க்கக் கூடிய இக்கணக்கில், ஆசன அமைப்பின் சாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

குதிரைச் சேணம் போன்று இருபுறமும் காலிட்டு அமரும் ஆசனம் மீட்புப் படகுகளில் பெருவழக்காக இருப்பதன் காரணம் இதுவே. அதில் அமர்பவரின் பாதங்கள் தளத்தில் ஊன்றியிருக்கும். முழங்கால்கள் சற்று மடங்கியிருக்கும். அடி விழும்போது தொடைத் தசைகள் வில்லாக நின்று ஒரு பகுதியைத் தாங்குகின்றன. கால் நீட்டி அமரும் தாழ்ந்த ஆசனத்திலோ, அடி முழுவதும் இடுப்பெலும்பின் வழியே முதுகுத்தண்டை அடைகிறது. அடியின் கடுமை அணியத்தை நோக்கிச் செல்லச் செல்ல மிகும். ஆதலின் ஆட்களை இயன்றவரை ஈர்ப்பு மையத்தை ஒட்டியோ அதற்குச் சற்றுப் பின்னோ அமர்த்துதல் நலம். ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் பிறப்பித்த பணியாளர் பாதுகாப்பு நெறி, எட்டு மணி நேர வேலைநாளுக்கு முழுவுடல் அதிர்வின் உச்ச வரம்பை வினாடி வர்க்கத்துக்கு 1.15 மீட்டர் என வகுத்துள்ளது; 0.5 மீட்டரைத் தாண்டியவுடனேயே தடுப்பு நடவடிக்கை வேண்டும் என்கிறது. அதிர்வு என்பது பொறுத்துக்கொள்ள வேண்டிய வீரம் அன்று, அளந்து குறைக்க வேண்டிய தீங்கு என்னும் கொள்கை அந்நெறியில் அடங்கியுள்ளது. அக்கொள்கையை நாமும் ஏற்றல் வேண்டும்.

மேடையும் கருவிகளும்

‘கன்சோல்’ என்னும் சொல்லுக்குக் கட்டுப்பாட்டு மேடை என்பது தகுந்த தமிழாகும். சுக்கான் சக்கரம், விசை நெம்புகோல், சுழற்சிமானி, வெப்பமானி, குளிர்நீர் அழுத்தமானி, இயந்திரச் சாய்வுகாட்டி ஆகியவை அதில் இடம்பெறும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் படகு வினாடிக்கு 28 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் அரை வினாடி தலைகுனிந்து மானியை நோக்கினால், 14 மீட்டர் நீரை அவர் காணாமலே கடந்துவிடுகிறார். எனவே மானிகளின் எண்ணிக்கை குறைவாக இருத்தல் வேண்டும். இருப்பவை பார்வைக்கோட்டை ஒட்டி உயர்ந்திருத்தல் வேண்டும். எல்லாம் சரியாக இருக்கையில் முட்கள் அனைத்தும் நேர்மேலே நிற்குமாறு மானிகளைத் திருப்பிப் பொருத்துவது பந்தய வாகனங்களில் வழங்கும் ஓர் எளிய உத்தி. அப்போது எண்களைப் படிக்க வேண்டுவதில்லை. சாய்ந்து நிற்கும் முள் தானே கண்ணிற்படும்.

கைகளின் வேலையும் பங்கிடப்பட வேண்டும். கடற்பந்தயப் பெரும்படகுகளில் ஒருவர் சுக்கானையும் மற்றொருவர் விசையையும் ஆள்வர். விசிறி நீரைவிட்டு மேலெழும் நொடியில் விசையைக் குறைக்காவிடின் இயந்திரம் வரம்பு மீறிச் சுழன்று கெடும். சக்கரத்தை இரு கைகளாலும் பற்றியிருப்பவர் அதனைச் செய்ய இயலாது. ஒருவரே ஓட்டும் சுற்றுப்பாதைப் படகில் விசை காலால் இயக்கப்படுகிறது. இயந்திரச் சாய்வை மாற்றும் பொத்தான்கள் சுக்கான் சக்கரத்திலேயே பொருத்தப்படுகின்றன. இரண்டிலும் கை சக்கரத்தை விடலாகாது என்னும் ஒரே விதிதான் நிற்கிறது.

இனி, மொழிபெயர்ப்புப் பணியிலிருப்பவன் என்னும் முறையில் ஒரு சொல்லைப் பற்றிக் கூற விரும்புகிறேன். விபத்து அறிக்கைகளைத் தமிழாக்குகையில் ‘ஓட்டுநரின் தவறு’ என்னும் தொடர் அடிக்கடி எதிர்ப்படுகிறது. அத்தொடர் பெரும்பாலும் விசாரணையை முடித்துவைக்கிறது. விசாரணை உண்மையில் தொடங்க வேண்டிய இடம் அதுவே. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் சிலவற்றில், தரையிறங்கியபின் இறக்கை மடல்களை உயர்த்த எண்ணிய விமானிகள், சக்கரங்களை உள்ளிழுக்கும் நெம்பைத் தவறாக இயக்கினர். அவ்விரு நெம்புகளும் ஒரே வடிவில் அருகருகே இருந்தமையை ஆல்ஃபோன்ஸ் சாப்பானிஸ் என்னும் உளவியலறிஞர் கண்டார். ஒன்றின் முனையில் சிறு சக்கரத்தையும் மற்றதன் முனையில் ஆப்பு வடிவையும் பொருத்தினார், குழப்பம் தீர்ந்தது. 1947-இல் பால் ஃபிட்ஸ், ரிச்சர்டு ஜோன்ஸ் என்னும் இருவர், கட்டுப்பாட்டுக் கருவிகளை இயக்குவதில் விமானிகள் செய்த 460 தவறுகளை ஆராய்ந்தனர். அவற்றுள் ஏறக்குறையப் பாதி, ஒரு நெம்பை மற்றொன்றாக மயங்கியதால் நேர்ந்தவை. தவறியது மனிதனே, தவறச் செய்தது மேடை. படகு மேடையில் ஒரே வடிவான நான்கு பொத்தான்களை வரிசையாகப் பதிப்பவர் இவ்வரலாற்றை மறத்தலாகாது.

யாருடைய உடல்?

மேடைக்கும் ஆசனத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கலாம்? ‘சராசரி மனிதனுக்கு ஏற்றபடி’ என்பதே பலரும் கூறும் விடை. அமெரிக்க விமானப்படை 1950-இல் 4,063 விமானிகளின் உடலளவுகளைத் திரட்டியது. கில்பெர்ட் டேனியல்ஸ் என்பவர் அவற்றுள் பத்து அளவுகளை எடுத்து ஆராய்ந்தார். அப்பத்திலும் சராசரியை ஒட்டியிருந்த விமானி ஒருவர்கூட இலர் என 1952-இல் வெளியிட்டார். சராசரி மனிதனுக்கென அமைத்த ஆசனம் எவருக்கும் பொருந்தாத ஆசனம் என்பது இதனாற் பெறப்படும். எட்ட வேண்டிய பொருள்களைக் குறைந்த நீளமுள்ள கைக்கும், இடிக்கக் கூடாத வெளிகளைப் பெரிய உடலுக்கும் ஏற்ப அமைத்து, ஆசனத்தை முன்பின் நகர்த்த வழி செய்தலே முறையாகும்.

நம் நாட்டுக்கு இதில் தனிக் கவனம் வேண்டும். சிறு படகுகளின் வரைபடங்கள் வெளிநாட்டிலிருந்து வரும்போது அவற்றோடு வெளிநாட்டு உடலின் அளவும் உடன் வருகிறது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-இல் இந்தியரின் உடலளவுகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டுள்ளது. அத்தகைய தொகுப்பு இருக்கையில், வந்த வரைபடத்தை அப்படியே பிரதி செய்வதற்கு நியாயமில்லை. பெண் ஊழியர்களும் படகை ஓட்டுகிறார்கள் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். விசைக் காற்செலுத்தியை எட்டுவதற்கு ஆசனத்தின் விளிம்பில் அமர வேண்டியிருப்பவருக்கு, அவ்வாசனத்தின் முதுகுத் தாங்கல் பயனற்றது.

இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. ஒட்டுப்பலகையும் தடித்த அட்டையும் கொண்டு, முழு அளவில் ஒரு மாதிரி மேடையைத் தரையிலேயே அமைக்கலாம். மிதவைச் சட்டையும் தலைக்கவசமும் அணிந்த மிகக் குட்டையானவரையும் மிக நெட்டையானவரையும் அதில் மாறி மாறி அமர்த்திப் பார்க்கலாம். சக்கரத்தைப் பற்றுகையில் முழங்கை சற்று மடங்கியிருக்கிறதா? முழங்கால் மேடையின் விளிம்பில் இடிக்கிறதா? முன்னே சாய்ந்து விழுந்தால் முகம் மோதுவது எதில்? அங்கே கூரிய முனையோ, துருத்திய திருகாணியோ உளதா? உடன் செல்பவர் பற்றிக்கொள்ளக் கைப்பிடி உளதா? மரத்தையும் இழைக்கண்ணாடியையும் வெட்டுவதற்கு முன் அட்டையை வெட்டுவது அறிவுடைமை.

கட்டி வைத்தலும் விட்டுவிடுதலும்

படகு கவிழும்போது ஓட்டுநர் அதனுள் இருத்தல் நலமா, வெளியே எறியப்படுதல் நலமா என்பது பந்தய உலகில் நெடுங்காலம் நிலவிய வினா. அமெரிக்கப் பெரும்பந்தயப் படகுகளில் ஓட்டுநர்கள் திறந்த ஆசனத்திலேயே அமர்ந்து வந்தனர். 1981 அக்டோபரில் மெக்சிகோவின் அகபுல்கோவில் பில் மன்சியும், 1982 ஜூலையில் வாஷிங்டன் மாநிலத்தின் பாஸ்கோவில் டீன் செனோவெத்தும், படகு பின்புறமாகப் புரண்டு உயிர்நீத்தனர். இருவரும் தம் காலத்தின் தலைசிறந்த ஓட்டுநர்கள். திறமைக் குறைவைக் காரணமாகச் சொல்ல எவராலும் இயலவில்லை. 1986-இல் ‘மிஸ் பட்வைசர்’ என்னும் படகில் எஃப்-16 போர் விமானத்தின் கவிகை பொருத்தப்பட்டது. அதன்பின் மூடிய அறையும் இறுக்கிய வார்களும் அவ்வகைப் படகுகளில் நிலைபெற்றன. சுற்றுப்பாதைப் படகுகளிலும் ஓட்டுநரைச் சூழ்ந்து வலுவான காப்புக்கூடு அமைந்தது. அத்தகைய படகை ஓட்டுபவர், நீரிற் கவிழ்க்கப்பட்ட மாதிரிக் கூட்டிலிருந்து வாரை அவிழ்த்துத் தாமே வெளியேறிக் காட்டும் சோதனையிலும் தேற வேண்டும்.

இவ்வரலாறு இரு வழிகளைக் காட்டுகிறது. ஒன்று, உடையாத கூடும் வாரும் வெளியேறும் பயிற்சியும் சேர்ந்த முழு ஏற்பாடு. மற்றொன்று, வார் ஏதுமில்லாத திறந்த ஆசனமும், மிதவைச் சட்டையும், இயந்திரத்தை நிறுத்தும் கயிறும் சேர்ந்த முழு ஏற்பாடு. ஒன்றிற் பாதியையும் மற்றதிற் பாதியையும் கலப்பதே கேடு. திறந்த படகில் வாரால் ஓட்டுநரைக் கட்டிவைத்தால், அது கவிழ்கையில் அவரை நீருக்குள் பிடித்து அழுத்தும் கருவியாக அவ்வார் மாறிவிடும்.

நம் பணிப்படகுகள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. ஆகவே அந்நிறுத்துக் கயிற்றைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறல் தகும். அதன் ஒரு முனை மேடையிலோ இயந்திரத்திலோ உள்ள விசைக்குமிழில் பொருந்தும். மறுமுனை ஓட்டுநரின் காலிலோ மிதவைச் சட்டையிலோ கட்டப்படும். அவர் எறியப்பட்டால் கயிறு குமிழை விடுவிக்க, இயந்திரம் நின்றுவிடும். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘கொல்லும் கயிறு’ என்றாகும். கொல்லப்படுவது இயந்திரம், காக்கப்படுவது மனிதன். ஆதலின் தமிழில் இதனை உயிர்க்கயிறு என்பதே பொருத்தம். 2013 மே மாதத்தில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலுள்ள கேமல் கழிமுகத்தில், அறுவர் கொண்ட ஒரு குடும்பம் வேகமாகத் திரும்பிய படகிலிருந்து நீரில் எறியப்பட்டது. ஆளில்லாத படகு வட்டமிட்டு வந்து அவர்கள்மேல் ஏறியது. தந்தையும் ஒரு பெண் குழந்தையும் மாண்டனர். கயிறு படகில் இருந்தது. எவர் உடலிலும் கட்டப்பட்டிருக்கவில்லை. அமெரிக்காவில் 2021 ஏப்ரல் முதல், மூடிய அறையிலிருந்து ஓட்டப்படாத 26 அடிக்குட்பட்ட விசைப்படகுகளில் இத்தகைய நிறுத்து அமைப்பு பொருத்தப்பட்டிருப்பின், அதனைப் பயன்படுத்துதல் சட்டப்படி கட்டாயமாயிற்று.

கட்டாயத்தோடு பொறுப்புத் தீர்ந்துவிடாது என்பது என் கருத்து. கயிறு சக்கரத்தில் சிக்குமானால், திரும்பும்போதெல்லாம் இழுபட்டு இயந்திரத்தை நிறுத்துமானால், ஓட்டுநர் அதனை அவிழ்த்து மேடையில் தொங்கவிடுவார். அவரைக் கண்டிக்குமுன், குமிழ் எங்கே பதிக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். உடல் இயல்பாக அசையும் அளவுக்குக் கயிறு தளர்ந்தும், ஆசனத்தை விட்டு நீங்கினால் தவறாது இழுபடும் அளவுக்குக் குறுகியும் இருக்குமாறு குமிழின் இடத்தை முதலிலேயே குறிப்பது அமைப்பாளரின் கடமை. அணிவதற்குத் தொல்லை தரும் காப்புக் கருவி பாதி செய்து முடித்த கருவியே.

களப்பணியாளர்கள் தாம் ஏறும் படகில் மூன்றனைச் சோதிக்க வேண்டுகிறேன். உயிர்க்கயிறு உளதா, இழுத்தால் இயந்திரம் நிற்கிறதா. கனமான பொருள்கள் ஈர்ப்பு மையத்தை ஒட்டி வைக்கப்பட்டுள்ளனவா. மோதக்கூடிய கூர்முனைகள் மூடப்பட்டுள்ளனவா. குறை கண்டால், ஆளின் பெயரோடு நிறுத்தாமல், எந்த நெம்பு எங்கே இருந்தது என்பதையும் அறிக்கையில் அளவோடு எழுதுதல் வேண்டும். ஆசிரியர்கள் மேலே தந்த மூன்று கணக்குகளையும் வகுப்பில் போட்டுக் காட்டலாம். அட்டை மேடை ஒன்றை மாணவர்களைக் கொண்டே செய்விக்கலாம். நெம்புகோலும் ஈர்ப்பு மையமும் தேர்வுத்தாளுக்கு மட்டும் உரியவை அல்ல, ஓர் உயிரைக் காக்கும் அளவுகளாகவும் அவை பயன்படும் என்பதை அம்மாணவர்கள் தம் கைகளாலேயே அறிந்துகொள்வர்.